நடுவில் புகும் நிரல்: தமிழ் நூல் மின்னாக்கத்தில் சொந்தப் படிகள்

காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த புகார் நகரைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி நூல்கள் வழியாக வந்தது. கீழையூர்ப் படகுத்துறையும் பல்லவனீச்சுரத்துப் பௌத்த விகாரமும் இருபதாம் நூற்றாண்டு அகழாய்வில்தான் வெளிப்பட்டன. அதற்கு வெகுமுன்பே பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்துவிட்டன. இன்று அந்த அச்சு நூல்கள் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. நூலை வருடுவது, பக்கம் பக்கமாகப் பிரிப்பது, படத்தை எழுத்துணரியிடம் கொடுத்து எழுத்தாக மாற்றுவது, அந்த எழுத்தை இணைய நூலகத்தில் ஏற்றுவது என்ற வரிசையில் வருடலுக்குப் பிந்தைய அனைத்தும் ஆள் தொடாமலே ஓடக்கூடியவை. வரிசையில் உள்ள கருவிகளோ உலகுக்கெல்லாம் பொதுவாகச் செய்யப்பட்டவை. தமிழுக்கென்று ஏதேனும் செய்ய வேண்டுமானால் ஓடும் வரிசையின் நடுவே நாமே எழுதிய நிரல் ஒன்றைச் செருக வேண்டியிருக்கிறது. செருகலாமா, எந்த இடத்தில், என்ன நிபந்தனையோடு என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி. அத்தகைய படி தமிழுக்குத் தவிர்க்க முடியாதது என்பது என் கருத்து. ஆனால் அதைத் தொழில்நுட்ப வசதி என்று மட்டும் கருதுவது பிழை. நூலின் எழுத்தைத் தொடும் ஒவ்வொரு நிரலும் பதிப்பாசிரியரின் வேலையைச் செய்கிறது. ஆகவே பதிப்பாசிரியருக்கு உரிய மூன்று கடமைகளும் அதற்கு உண்டு: மூலத்தைச் சிதையாமல் காப்பது, மாற்றியதைச் சொல்வது, மாற்றத்துக்குப் பொறுப்பேற்பது.

தானியங்கி வரிசையில் சொந்தப் படி சேர்க்கும் வழக்கம் அரை நூற்றாண்டு பழமையானது. 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் ‘பைப்’ வந்தது. ஒரு நிரல் வெளியிடுவதை அடுத்த நிரல் அப்படியே உள்வாங்கும் ஏற்பாடு அது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது நிரலை வைக்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’, எந்தக் கோப்பு மாறினால் எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்பதை எழுதிவைக்க வழி செய்தது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்ய பின்னாளில் வந்த கிட் மென்பொருளின் ‘ஹுக்’குகளும், ஜென்கின்ஸ், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்றவையும் இதே எண்ணத்தின் வளர்ச்சி. தமிழ்நாட்டில் வேர்கொண்ட ஜோஹோ நிறுவனம் தன் வணிக மென்பொருளில் ‘டெலூஜ்’ என்ற நிரல்மொழியைத் தந்திருப்பதும் இதற்காகத்தான். நிறுவனம் எதிர்பாராத ஒரு தேவை வாடிக்கையாளருக்கு இருந்தால், பணிவரிசையின் நடுவில் அவரே சில வரிகள் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். பெயர்கள் மாறினாலும் அமைப்பு பெரிதும் மாறவில்லை. ஒரு நிகழ்வு நிரலைத் தூண்டும், நிரல் தனக்குக் கொடுத்ததை வாங்கி வேலையைச் செய்யும், முடிந்ததும் வெற்றியா தோல்வியா என்று சொல்லும். பொதுக்கருவியைச் செய்தவர் எல்லாருடைய தேவையையும் முன்கூட்டியே அறிய முடியாது என்ற ஒப்புதல் இந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது.

தமிழில் இதற்குச் சிறந்த சான்று தமிழ் விக்கிமூலம் என்ற கட்டற்ற இணைய நூலகத்தில் நடந்த வேலை. கூகுள் நிறுவனம் 2015இல் தன் டிரைவ் சேவையின் எழுத்துணரியை இருநூறுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தது. தமிழும் அவற்றில் ஒன்று. ஏறக்குறைய அதே காலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக விக்கிமூலத்துக்குக் கிடைத்தன. ஒருபுறம் எழுத்தைப் படிக்கும் கருவி, மறுபுறம் படிக்கக் காத்திருக்கும் நூல்கள். ஆனால் டிரைவுக்கு விக்கிமூலத்தைத் தெரியாது, விக்கிமூலத்துக்கு டிரைவைத் தெரியாது. கணியம் என்ற கணினி இதழோடு தொடர்புடைய த. சீனிவாசன் பைத்தான் மொழியில் எழுதிய ‘ஓசிஆர்4விக்கிசோர்ஸ்’ நிரல் இந்த இடைவெளியை அடைத்தது. அது நூலைப் பக்கங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் டிரைவுக்கு அனுப்பி, படித்த எழுத்தைத் திரும்ப எடுத்து, விக்கிமூலத்தின் உரிய பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. இதற்கு முன்னோடி என்று தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைச் சொல்லலாம். அங்கே தன்னார்வலர்கள் கையால் தட்டச்சு செய்தார்கள். டிஸ்கி குறியேற்றத்தில் சேமித்த நூல்களைப் பிறகு ஒருங்குறிக்கு மாற்ற வேண்டி வந்தபோது அங்கும் மாற்றி நிரல்களே கைகொடுத்தன. இந்தச் சிறு நிரல்கள் இல்லாதிருந்தால் அந்த உழைப்பின் பெரும்பகுதி பழைய எழுத்துருக்களோடு முடங்கியிருக்கும்.

கொண்டு சேர்க்கும் நிரல் ஒருவகை என்றால் எழுத்தைத் திருத்தும் நிரல் மற்றொரு வகை. சிக்கல் தொடங்குவது இரண்டாவதில். திருத்தம் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் அரசாணை ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதற்கு முந்தைய நூல்களில் தும்பிக்கை போல வளைந்த ஐகாரமும் சுழித்த ஆகாரமும் இருக்கும். இன்றைய எழுத்துருக்களில் பெரும்பாலும் பயின்ற எழுத்துணரி அங்கே தடுமாறுகிறது. பழைய நூல்களின் பக்க எண்ணும் அடி எண்ணும் தமிழ் எண்களில் அச்சாகியிருந்தால் ௧ என்பது ககரமாகவும், ௨ என்பது உகரமாகவும், ௭ என்பது எகரமாகவும் வந்து விழும். பக்கத்தின் தலைப்பில் அச்சிட்ட நூற்பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் பாட்டின் முதல் அடியாக உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ‘கொற்கை’ என்று தேடும் ஒருவருக்கு மற்றொரு வகையில் எழுதிய ‘கொற்கை’ அகப்படாமல் போகலாம். பல்லாயிரம் பக்கங்களில் ஒரே வகையாகத் திரும்பத் திரும்ப வரும் இத்தகைய பிழைகளைக் கையால் திருத்துவது மனித உழைப்பை வீணாக்குவது.

இனி மறுபக்கம். ஔகாரக் குறி வர வேண்டிய இடத்தில் கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவது பரவலான பிழை. ‘மௌனம்’, ‘கௌரி’ போன்ற சொற்கள் இப்படித்தான் கெடுகின்றன. கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரக் குறியாக மாற்று என்று ஒரு வரி நிரல் எழுதத் தோன்றும். அந்த ஒரு வரி ‘மௌன’த்தைச் சரிசெய்யும் அதே ஓட்டத்தில் ‘வெள்ளம்’, ‘வெளி’, ‘தெளிவு’ ஆகிய அனைத்தையும் சிதைத்துவிடும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்ற நிபந்தனை சேர்த்தால்தான் விதி பயன்படும், அப்போதும் எஞ்சியதை ஆள் பார்க்க வேண்டும். வரி ஒட்டுவதும் இப்படியே. உரைநடை நூலில் வரியின் முடிவில் உடைந்த சொல்லை அடுத்த வரியோடு சேர்க்கும் நிரல் நன்மை செய்யும். அதே நிரலைப் பட்டினப்பாலையின் மீது ஓட்டினால் 301 அடிகளும் ஒரே பத்தியாகும். வஞ்சியடி எங்கே முடிந்தது, ஆசிரிய அடி எங்கே தொடங்கியது என்பது மறைந்துவிடும். ஓரத்தில் விழுந்த ககரத்தை 1 ஆக்கும் விதி, பக்கத்தின் எந்தப் பகுதியில் அந்த எழுத்து இருந்தது என்று பாராமல் ஓடினால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. விதி தவறானது என்பதை விட, விதி எந்த நூலுக்கு, எந்தப் பகுதிக்கு உரியது என்ற எல்லை எழுதப்படாததே இவற்றில் உள்ள பொதுக்குறை.

இத்தகைய பிழை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2013இல் வெளிப்பட்ட ஒரு நிகழ்வு காட்டுகிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில வருடிகள் ஆவணங்களில் எண்களையே மாற்றி வைக்கின்றன என்று ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் கண்டறிந்தார். கட்டட வரைபடம் ஒன்றில் அறைகளின் பரப்பளவு மாறியிருந்தது. வேறு தாள்களில் 6 என்பது 8 ஆகியிருந்தது. காரணம் எழுத்துணரி அன்று. படத்தின் அளவைக் குறைக்க நடுவில் ஓடிய ஜேபிக்2 என்னும் சுருக்குமுறை, ஒன்றுபோலத் தோன்றும் சிறு வடிவங்களைக் கண்டால் ஒன்றையே எடுத்து இரண்டு இடத்திலும் ஒட்டியது. நகல் மங்கவில்லை, கறைபடவில்லை. தவறான எண் சரியான எண்ணைப் போலவே கூர்மையாக நின்றது. மங்கிய பிழை படிப்பவரை நிறுத்தி மூலத்தைப் பார்க்கச் சொல்லும். துலக்கமான பிழைக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. தானாக ஓடும் திருத்தப் படி உண்டாக்கும் பிழைகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. எழுத்துணரி விட்ட பிழை பொருளற்ற எழுத்துக் கோவையாக உறுத்திக்கொண்டு நிற்கும். அகராதி பார்த்துத் திருத்தும் நிரலோ அரிய பழஞ்சொல் ஒன்றை எடுத்துவிட்டு, பழகிய சொல் ஒன்றை உறுத்தாமல் வைத்துவிடும். சங்கப் பாட்டில் நாம் இழக்கக் கூடாதது அந்த அரிய சொல்லே.

இந்தச் சிக்கலுக்கு விடை தேட மென்பொருள் நூல்களுக்குள் மட்டும் போக வேண்டியதில்லை. ஏட்டுச்சுவடியில் புள்ளி இராது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா, காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். அதை அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கும்பகோணத்துக்கு அருகே உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் 1855இல் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இலும், பட்டினப்பாலை அடங்கிய பத்துப்பாட்டை 1889இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், மணிமேகலையை 1898இலும் வெளியிட்டார். பல சுவடிகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தைத் தேர்ந்தார், தேராததைப் பிரதிபேதமாக அடிக்குறிப்பில் காட்டினார், ஏடு தந்தவர்களை முகவுரையில் குறிப்பிட்டார். அவர் தேர்ந்த பாடத்தை மறுக்க நினைக்கும் ஆய்வாளருக்கு வேண்டிய சான்றை அவரே கையில் கொடுத்துவிட்டுப் போனார். நிரலுக்கும் இதுவே இலக்கணம். பட்டினப்பாலை காட்டும் புகார்த் துறையில் சுங்கம் கொள்வோர் பண்டப் பொதிகளின்மேல் சோழரின் புலியைப் பொறித்து வெளியே அனுப்புகிறார்கள். பொதி யார் கையைக் கடந்து வந்தது என்பதை அந்தப் பொறி அடுத்தவருக்குச் சொல்லும். பக்கத்தைத் தொட்ட ஒவ்வொரு நிரலும் அத்தகைய பொறியை விட்டுச் செல்ல வேண்டும்: நிரலின் பெயர், அதன் பதிப்பு எண், ஓடிய நாள், மாற்றிய எழுத்துகள்.

இதை நடைமுறையாக்க, படிகளை அவை எடுக்கும் முடிவின் எடையைக் கொண்டு மூன்றாகப் பிரிப்பது உதவும். முதல் வகை, பொருளைத் தொடாத மாற்றம். ஒரே எழுத்தின் இரண்டு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது இதில் சேரும். ஒருங்குறித் தரமே அதற்கு விதி வகுத்திருப்பதால் இதைத் தானாக ஓட விடலாம். இரண்டாம் வகை, பெரும்பாலும் சரியாகும் ஊகம். ஔகாரத் திருத்தமும் பக்கத் தலைப்பை நீக்குவதும் இதில் அடங்கும். இங்கே நிரல் மாற்றட்டும், ஆனால் மாற்றிய இடங்களின் பட்டியலை மெய்ப்புப் பார்ப்பவர் கண்முன் வைக்கட்டும். மூன்றாம் வகை, பாடத்தைத் தேரும் முடிவு. இதில் நிரல் ஐயத்தைச் சுட்டிக்காட்டலாமே தவிர எழுத்தில் கைவைக்கக் கூடாது. மூன்றுக்கும் பொதுவான ஒழுங்குகள் சில உண்டு. எழுத்துணரி தந்த திருத்தாத எழுத்து, பிழைகளோடு அப்படியே தனிக்கோப்பாக இருக்க வேண்டும். ஒரே நிரலை இரண்டு முறை ஓட்டினாலும் ஒரு முறை ஓட்டிய விளைவே வர வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நின்ற வேலையைத் தொடரவே முடியாது. தனக்குப் புரியாத பக்கம் வந்தால் நிரல் வெற்றி என்று சொல்லி நகராமல் தோல்வியைச் சொல்லி நிற்க வேண்டும். செய்யுள், உரை, அட்டவணை என்று வகைக்குச் சில பக்கங்களை எடுத்து, கையால் திருத்திய சரியான வடிவோடு வைத்துக்கொண்டு, நிரலில் ஒரு வரி மாறினாலும் அவற்றின்மேல் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்த பக்கத்தைச் சரிபார்த்ததாக உயர்த்த இரண்டாம் நபர் ஒருவர் வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த இரண்டு கையொப்பங்களில் எதையும் நிரலுக்குத் தரலாகாது. சரிபார்த்து முடித்த பக்கத்தில் பின்னொரு நாள் நிரல் ஓடினால், அந்தப் பக்கம் மீண்டும் ஆளிடம் போக வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது, நிரலே வேண்டாம், பொறுமையாகக் கையால் திருத்துவோம் என்பது. மதுரைத் திட்டத்தின் தட்டச்சு நூல்கள் இந்த வாதத்துக்கு வலுவான சான்று, அவற்றின் தரத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கைத்திருத்தத்தில் பிழை வராது என்பது உண்மையன்று. வரும் பிழை எங்கே, ஏன் வந்தது என்ற தடம்தான் பல சமயம் இருப்பதில்லை. நிரலின் பிழை ஒரே மாதிரி இருக்கும் என்பதால் கண்டுபிடித்ததும் எல்லா இடத்திலும் ஒருசேர மீட்கலாம், மூலம் காக்கப்பட்டிருந்தால். மேலும் ஆயிரம் பக்கத்தில் கொம்பையும் காலையும் பார்த்துச் சலித்த கண், ஆயிரத்தோராம் பக்கத்தில் பாடவேறுபாட்டைக் கவனிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நிரல் எளிய வேலையை எடுத்துக்கொள்வது, அரிய வேலைக்கு ஆளின் கவனத்தை மிச்சப்படுத்தத்தான்.

இரண்டாவது மறுப்பு இன்று அதிகம் கேட்பது. செயற்கை நுண்ணறிவு வளர்ந்துவிட்டது, நாளைய எழுத்துணரி பிழையே விடாது, பிறகு இந்தச் சில்லறை நிரல்கள் எதற்கு என்கிறார்கள். எழுத்துணரி மேம்படுவது உண்மை. டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் 2018இல் வந்த நான்காம் பதிப்பில் நரம்பு வலையமைப்புக்கு மாறியது முதல் அச்செழுத்தைப் படிக்கும் திறன் உயர்ந்தே வந்திருக்கிறது. பழைய ஐகாரத்தைத் திருத்தும் விதிகள் சில தேவையற்றுப் போகலாம், போனால் மகிழ்ச்சியே. ஆனால் பெரிய மொழி மாதிரிகள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்ற ஊகத்தில் இயங்குபவை. மங்கிய இடத்தில் அவை விடும் பிழை சரளமான தமிழாகவே இருக்கும். மேலே சொன்ன துலக்கமான பிழை இங்கே பெருகும். ஆகவே திருத்தும் நிரல்கள் குறைய, சோதிக்கும் நிரல்கள் கூட வேண்டியிருக்கும். படத்தில் உள்ள வரிகளும் எழுத்தில் உள்ள வரிகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்கின்றனவா, இரண்டு எழுத்துணரிகள் எங்கே முரண்படுகின்றன, அடி எண்கள் இடையில் அறாமல் வருகின்றனவா என்று கேட்கும் படிகள் அவை. கருவி எவ்வளவு தேர்ந்தாலும் அதை நம்பலாமா என்று கேட்கும் படி அந்த நூலை அறிந்தவர் எழுதுவதாகவே இருக்கும்.

மூன்றாவது மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது, எளிதில் தள்ளிவிட முடியாதது. நடுவில் செருகிய நிரல் வரிசையின் எல்லா அதிகாரங்களோடும் ஓடுகிறது. 2021இல் கோட்கவ் நிறுவனத்தின் பதிவேற்று நிரலை யாரோ மாற்றிவிட்டார்கள். பலருடைய பணிவரிசைகளில் அது ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் முதல் நாள் வரை ஓடி, அங்கிருந்த ரகசியச் சாவிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. 2024இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி இருப்பது வெளிப்பட்டது. அதைத் தூண்டிவிடும் வரி, எல்லாரும் பார்க்கும் மூலநிரல் கிடங்கில் இல்லாமல், வெளியீட்டுப் பொதியில் சேர்த்த தொகுப்பு நிரலில் மட்டும் இருந்தது. சோதனைக் கோப்பு என்ற பெயரில் நச்சு நிரல் பதுங்கியிருந்தது. உள்நுழைவு அரை விநாடி அளவுக்குத் தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரின் கூர்மையால் அது அகப்பட்டது. இந்த நிகழ்வுகள் சொந்தப் படியே கூடாது என்று சொல்லவில்லை. யாரும் படித்துப் பார்க்காத படி கூடாது என்கின்றன. எக்ஸ்இசட் பிடிபட்டதற்கு மூலநிரல் திறந்திருந்ததும் ஒரு காரணம். நூல் மின்னாக்கத்தில் இதன் பொருள் எளிது: நிரலை மற்ற கோப்புகளோடு ஒரே கிடங்கில் வை, வெளியாரின் நிரலைச் சேர்த்தால் பதிப்பைக் குறித்து நிலைநிறுத்து, எழுத்தைத் திருத்தும் படிக்குக் கடவுச்சொல் எதையும் தராதே, பதிவேற்றும் படியைத் தனியாக வை.

இவ்வளவு ஒழுங்கும் தன்னார்வலர்களுக்குச் சுமை, வேலையே நின்றுவிடும் என்பது கடைசி மறுப்பு. மாலை நேரத்தில் ஒரு மணி ஒதுக்கி வருபவரிடம் பதிவேடு கேட்பது மிகை என்று தோன்றலாம். ஆனால் கிட் போன்ற மென்பொருளில் வேலை செய்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகவே பதிவாகிறது. விக்கிமூலம் ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றையும் இயல்பாகவே வைத்திருக்கிறது. மேலதிகமாகக் கேட்பது நிரலின் தலையில் நான்கு வரிக் குறிப்பும், எழுத்துணரியின் திருத்தாத எழுத்தைத் தனியாகச் சேமிக்கும் ஒரு கட்டளையும்தான். இதைச் செய்யாமல் விட்டால் வரும் சுமை பெரிது. நிரல் எழுதியவர் வேறு வேலைக்குப் போன பின், எந்த விதி எந்த நூலில் ஓடியது என்று தெரியாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து மெய்ப்புப் பார்க்க வேண்டிவரும்.

ஆகவே பொறுப்பைத் தன்னார்வலரிடம் மட்டும் விடாமல் நிறுவனங்கள் ஏற்க வேண்டும். நாயக்கர், மராட்டியர் காலச் செல்வமான சரசுவதி மகால் நூலகமும், 1981இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகமும் தஞ்சையில் இருக்கின்றன. நூல்களை இணையத்தில் தரும் இத்தகைய நிறுவனங்கள் எதுவாயினும் நான்கையும் ஒன்றாகத் தருவதை நெறியாகக் கொள்ளலாம்: வருடிய படம், எழுத்துணரியின் திருத்தாத எழுத்து, நடுவில் ஓடிய நிரல்கள், இறுதி எழுத்து. முதலும் முடிவும் மட்டும் இருந்தால் படிப்பதற்குப் போதும். ஆய்வுக்கு நடுவில் நடந்ததும் வேண்டும். பட்டினப்பாலையின் ஓர் அடியை மேற்கோள் காட்டுபவர், அந்த அடியில் உள்ள எழுத்து ஏட்டில் இருந்ததா, பதிப்பாசிரியர் தேர்ந்ததா, எழுத்துணரி ஊகித்ததா, நிரல் மாற்றியதா என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கும் வழி இருக்க வேண்டும். முதல் இரண்டு கேள்விகளுக்கு 1889ஆம் ஆண்டின் பதிப்பு மரபு விடை வைத்திருக்கிறது. அடுத்த இரண்டுக்கு விடை தராத மின்னூலை நம்பி எழுத ஆய்வாளர் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானதே.